எத்தனை முறை கேட்டோம் என்பதையும் எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குச் சென்ற ஆண்டு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளியில் ஏறத்தாழ 400 குடும்பங்கள். விளையாட்டு விழாவில் கடைகள், பழைய புத்தகச் சந்தை, நிதி திரட்டும் நடை, கலை மாலை, பரிசுச் சீட்டு, வகுப்புவாரியாக நன்கொடை என்று ஓராண்டில் 11 நிகழ்ச்சிகள் நடத்தினோம். நூலகத்துக்கு அலமாரிகள் வாங்கினோம்; குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வைத்தோம். தொடக்கத்தில் 60 பேர் உதவ வருவதாகப் பெயர் கொடுத்தார்கள். கடைசி நிகழ்ச்சியில் நின்றவர்கள் 9 பேர்.

அடுத்த மாதம் பொதுக்குழு. ஆண்டறிக்கையை நான்தான் எழுத வேண்டும். மூன்று விஷயங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன. புத்தகச் சந்தை அன்று வெட்டிய ரசீதுகளின் கூட்டுத்தொகையைவிட வங்கியில் கட்டிய தொகை குறைவாக இருக்கிறது. அன்றைய வசூலில் நூற்றுக்கு 3 பங்கு. பொருளாளர் என்னைவிட வயதில் மூத்தவர், நேர்மையானவர். "என் கைப்பணத்தைப் போட்டுச் சரிசெய்துவிடுகிறேன் அம்மா, வெளியே சொல்ல வேண்டாம்" என்கிறார். இரண்டாவது, அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு குடும்பமும் 10 மணி நேரம் சங்க வேலை செய்தாக வேண்டும், செய்யாதவர்கள் அபராதம் கட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பலர் சொல்கிறார்கள். மூன்றாவது, ஒரு தாய் என்னிடம் கேட்டது: "மாதம் தவறாமல் பிள்ளையின் பையில் வசூல் உறை வருகிறது. நான் போட முடியாத மாதத்தில் அவன் அதை ஆசிரியரிடம் கொடுக்காமல் ஒளித்து வைக்கிறான். இது பெற்றோர் சங்கமா, பணம் கட்டுவோர் சங்கமா?" அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் விலகிவிடலாமா?

— ஒரு பெற்றோர் சங்கச் செயலாளர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறு சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து வருகிறேன். அவற்றில் பெற்றோர் சங்கங்களும் உண்டு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று சிக்கல்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குப் படுகிறது. வந்த பணத்தை எண்ணியிருக்கிறீர்கள். கேட்ட தடவைகளை யாரும் எண்ணவில்லை.

ஒரு குடும்பத்தின் பக்கம் நின்று எண்ணிப் பாருங்கள். ஒரு நிகழ்ச்சி என்றால், பொருள் கொடுங்கள், டிக்கெட் வாங்குங்கள், நாலு பேருக்கு விற்றுக் கொடுங்கள், அன்றைக்கு வந்து உதவுங்கள் என்று நான்கு வேண்டுகோள்கள் வீட்டுக்குப் போகின்றன. 11 நிகழ்ச்சிகளுக்கு 44. பள்ளி நடப்பது பத்து மாதம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முறை உங்கள் சங்கம் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. அறுபது பேர் ஒன்பதாகக் குறைந்தது அவர்களுக்கு மனம் இல்லாததால் அல்ல. அவர்கள் களைத்துப்போனார்கள்.

ஆனாலும் பணத்திலிருந்தே தொடங்குகிறேன். அது காத்திருக்காது.

பொருளாளரின் கைப்பணத்தை வாங்காதீர்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் தடுப்பதும் அவர் நல்லவர் என்பதால்தான். அவர் போடும் தொகைக்கு ரசீது இருக்காது. சந்தை நடந்து மாதங்கள் கழிந்த தேதியில் அது வங்கியில் ஏறும். பேரேட்டில் அதை என்ன பெயரில் எழுதுவீர்கள்? "புத்தகச் சந்தை வசூல்" என்று எழுதினால் அது பொய். "நன்கொடை" என்று எழுதினால் குறைவு அப்படியே இருக்கும், கூடவே ஒரு புதிர் சேரும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு சங்கத்தின் ஏடுகளில் இதே போன்ற பதிவுகளைப் பார்த்தேன். மூன்று முறை குறைவு வந்திருந்தது. மூன்று முறையும் பொருளாளர் தன் பணத்தைப் போட்டு நிரப்பியிருந்தார். வெளியே தெரிந்தபோது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தவறு செய்யாதவர் எதற்காகத் தன் பணத்தைப் போட வேண்டும்?" என்று கேட்டார். அந்தப் பொருளாளரிடம் பதில் இருந்தது. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஏடுகளை நாங்கள் முழுமையாகப் புரட்டியபோது, மூன்றில் இரண்டு குறைவுகள் குறைவே அல்ல என்று தெரிந்தது. கடைகளுக்குச் சில்லறைக்காகக் கொடுத்த முன்பணத்தை வசூலோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். இல்லாத பணத்துக்கு அவர் தன் பணத்தைக் கட்டியிருந்தார்.

ஆகவே அறிக்கை எழுத உட்காருவதற்கு முன், ஒரு மாலைப் பொழுதைப் பொருளாளரோடும் அன்று மேசையில் இருந்தவர்களோடும் செலவிடுங்கள். ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு எண் வரிசைப்படி பாருங்கள். நடுவில் ஏதேனும் தாள் ரத்து செய்யப்பட்டு, ரத்து என்று எழுதாமல் விடுபட்டிருக்கிறதா? யாராவது கைபேசி வழியாகப் பணம் அனுப்பி, அதற்கும் ரசீது வெட்டியிருக்கிறீர்களா? அது வேறொரு தேதியில் நேரே வங்கிக் கணக்கில் சேர்ந்திருக்கும். ரொக்கத்தில் தேடினால் கிடைக்காது. "தருகிறேன்" என்று சொன்னவருக்கு முன்கூட்டியே ரசீது எழுதிக் கொடுத்தது உண்டா? கடைசியாக, நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கும் காரணம்: மேசைத்துணி, கயிறு, வண்டி வாடகை என்று ஏதோ அவசரத்துக்குக் கல்லாவிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதாமல் விடுவது. நூற்றுக்கு 3 என்பது இப்படிப்பட்ட ஒரு செலவில் போயிருக்கக்கூடிய அளவுதான்.

இத்தனையும் பார்த்த பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால், நிர்வாகக் குழுவில் வைத்து ஒரு தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஆண்டறிக்கையில் மூன்றே வரி போதும்: "புத்தகச் சந்தை வசூலில் ரசீதுத் தொகைக்கும் வங்கியில் கட்டிய தொகைக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் உள்ளது. குழு ஆராய்ந்தும் காரணம் தெரியவில்லை. இனி ரொக்கத்தை எண்ணும் முறை கீழ்க்கண்டவாறு மாற்றப்படுகிறது." இந்த வரிகளைப் பொருளாளரே எழுந்து படிக்கட்டும். நீங்கள் படித்தால் அது குற்றச்சாட்டுப் போலக் கேட்கும். அவர் படித்தால் கணக்குக் கொடுக்கும் மனிதரின் குரலாகக் கேட்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். அளந்ததில் குறைந்தால் குறைந்தது என்று எழுதுவதும் அளத்தலில் சேர்த்திதான்.

முறையை எப்படி மாற்றுவது? நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். தொகையைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வந்தது முழுவதும் அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போக வேண்டும். அதிலிருந்து சல்லிக்காசுகூடச் செலவுக்கு எடுக்கக் கூடாது. செலவுக்கான முன்பணம் தனியாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட வேண்டும். காசோலையில் கையெழுத்திடும் உரிமை இல்லாத ஒருவர் மாதம் ஒரு முறை வங்கி அறிக்கையைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குத்தான் இதெல்லாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சிறு சங்கங்களில்தான் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அங்கேதான் ஒரு சந்தேகம் பத்து ஆண்டு நட்பை முறிக்கிறது. தனியாக எண்ணியவர் மீது பழி விழும். இருவராக எண்ணியிருந்தால் விழுவதற்கு இடமில்லை. உங்கள் பொருளாளரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இனி அறிக்கை. பெரும்பாலான பெற்றோர் சங்க அறிக்கைகள் மொத்த வசூலைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே நன்றிப் பட்டியலோடு முடிகின்றன. உங்களுடையது அப்படி வேண்டாம். ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான்கு எண்கள்: வந்தது, செலவானது, நிகரமாக நின்றது, அதற்காக மனிதர்கள் உழைத்த மணி நேரம். கடைசி எண்ணை யாரும் எழுதிவைத்திருக்க மாட்டீர்கள். நினைவிலிருந்து தோராயமாக எழுதினாலும் போதும், தோராயம் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

அந்தக் கடைசி எண் வந்தவுடன் அட்டவணை வேறு விதமாகப் பேசும். உதாரணத்துக்கு, கலை மாலையில் 100 பங்கு வசூலாகி 60 பங்கு மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் போயிருந்தால், நின்றது 40. அதற்காகப் பத்துப் பேர் மூன்று வாரம் அலைந்தது 200 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகச் சந்தையில் வசூல் 35 பங்குதான், செலவு 5, நின்றது 30, உழைப்பு 40 மணி நேரம். வசூலை மட்டும் பார்த்தால் கலை மாலை பெருவெற்றி. சந்தை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சந்தை பல மடங்கு முன்னால் போய்விடும். இதனால் கலை மாலையை நிறுத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மேடையேறிய பிள்ளையின் முகத்துக்கு எந்தப் பத்தியிலும் எண் கிடையாது. ஆனால் அது பிள்ளைகளுக்காக நடத்தும் விழா என்று சொல்லி நடத்துங்கள்; நிதிக்காக என்று சொல்லாதீர்கள். டிக்கெட் விற்கும் சுமை போய்விட்டால் அதே மாலை எல்லோருக்கும் இன்னும் இனிமையாக இருக்கும்.

அலமாரிகள், குடிநீர்க் கருவி இரண்டையும் எழுதியிருந்தீர்கள். அலமாரி வாங்கியதோடு வேலை முடிந்தது. குடிநீர்க் கருவி அப்படி அல்ல. அதன் வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யார் மாற்றுவது, யார் செலவு? அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் பராமரிப்பைப் பற்றிப் பேசாமல் விட்ட கருவிகள் மூலையில் கிடப்பதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படிப்பட்ட கருவியின் குழாயில் ஒரு சிறுமி தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டேன். அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை. பள்ளி நிர்வாகத்தோடு பேசி, பராமரிப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சங்கத்துடையது என்றால் அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். இன்னொன்று: நூலகத்துக்கென்று சொல்லி வாங்கிய பணத்தில் மிச்சம் இருந்தால் அது நூலகத்துக்கு உரியது. வேறு எதற்காவது எடுக்க வேண்டுமானால் பொதுக்குழுவைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அபராதத்துக்கு வருகிறேன். இதில் நான் உறுதியாகச் சொல்கிறேன்: வேண்டாம்.

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தின் 10 குழந்தைகள் காப்பகங்களில் ஊரி நீசி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்னும் இரண்டு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2000-ஆம் ஆண்டில் அது வெளியானது. மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருவது அங்கே தொல்லையாக இருந்தது. ஆறு காப்பகங்களில் தாமதத்துக்குச் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஏறியது, ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. அதுவரை "ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே" என்ற கூச்சம் பெற்றோரை ஓடிவரச் செய்திருந்தது. அபராதம் வந்ததும் அந்தக் காத்திருப்புக்கு விலை வந்துவிட்டது. விலை கொடுத்தவருக்குக் கூச்சம் எதற்கு? இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. சில வாரங்கள் கழித்து அபராதத்தை நீக்கினார்கள். தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை.

உங்கள் 10 மணி நேர விதிக்கும் இதுவே நேரும் என்று அஞ்சுகிறேன். வசதி உள்ளவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே அபராதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். இரவுப் பணிக்குப் போகிறவர், படுக்கையில் கிடக்கும் தந்தையைப் பார்த்துக்கொள்பவர், கைக்குழந்தையோடு இருப்பவர் ஆகியோரால் நேரத்தையும் கொடுக்க முடியாது, பணத்தையும் கட்ட முடியாது. உங்களிடம் கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு ஒரு சுமைக்கு இரண்டு சுமையாகும். மூன்றாண்டு கழித்து இந்த விதி தவறு என்று எடுத்துவிட்டாலும், தாமாக வந்து நின்ற அந்த 9 பேரின் மனநிலையை நீங்கள் மீட்க முடியாது. இலவசமாகச் செய்தபோது அவர்கள் செய்தது உதவி. அபராதம் வந்த பிறகு அதே வேலை கட்டணம் கட்டாதவர்கள் செய்வதாகிவிடும்.

அறுபதிலிருந்து ஒன்பதாகக் குறைந்ததற்கு வேறு வழி உண்டு. உங்கள் வேண்டுகோள்கள் எப்படிப் போயின என்று நினைவுகூருங்கள். "சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு உதவ விரும்புபவர்கள் தெரிவிக்கவும்" என்று 400 குடும்பங்களுக்கும் ஒரே செய்தி போயிருக்கும். ஜான் டார்லி, பிப் லதானே என்னும் உளவியலாளர்கள் 1968-இல் காட்டியது இதுதான்: உதவி தேவைப்படும் நேரத்தில் சுற்றி எத்தனை பேர் இருப்பதாக ஒருவர் நினைக்கிறாரோ, அந்த அளவுக்கு அவர் தானே முன்வருவது குறைகிறது. பொறுப்பு எல்லோருக்கும் பங்கிடப்பட்டு, ஒருவர் கையிலும் நிற்காமல் போகிறது. 400 பேரைக் கேட்பது யாரையும் கேட்காததற்குச் சமம்.

பெயர் சொல்லிக் கேளுங்கள். வேலையைத் துண்டாக்கிக் கேளுங்கள். எப்போது முடியும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். "புத்தகச் சந்தைக்கு வாருங்கள்" என்றால் நாள் முழுவதும் போய்விடும் என்று பயந்து வாய் திறக்க மாட்டார்கள். "காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை சிறுவர் புத்தக மேசையில் நீங்கள் இருக்க முடியுமா? பதினொன்றுக்கு வேறொருவர் வந்துவிடுவார்" என்றால் பெரும்பாலோர் சரி என்பார்கள். அந்தப் பதினொன்று மணியை நீங்கள் காப்பாற்றியாக வேண்டும்! ஒருமுறை ஒன்றரை மணி வரை நிறுத்திவைத்தால் அடுத்த ஆண்டு அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளைப் பிரித்து வையுங்கள்: ரசீதுகளைத் தட்டச்சு செய்வது, நூலகப் புத்தகங்களுக்கு உறை போடுவது, சுவரொட்டி வரைவது. இரவுப் பணி செய்பவர் பகலில் ஒரு மணி நேரம் வந்து முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படிக்கலாம். அந்த நேரத்தில் மற்ற பெற்றோர் யாரும் கிடைக்க மாட்டார்கள், அவரால் மட்டுமே முடியும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த 9 பேரில் அப்பாக்கள் எத்தனை பேர்? நான் பார்த்த சங்கங்களில் பொருளாளர், தலைவர் பதவிகளில் ஆண்கள் இருப்பார்கள். மேசை துடைப்பதும் பட்டியல் எழுதுவதும் பெண்களாக இருக்கும். வகுப்புத் தொடர்புப் பட்டியலில் அம்மாவின் எண் மட்டுமே இருக்கும். அப்பாவின் எண்ணையும் வாங்கி, அவரிடமே நேரே கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒரே நாளில் ஆட்கள் இரண்டு மடங்காகலாம்.

பிள்ளைகளோடு தனியே பழகும் எந்த வேலைக்கும் பள்ளியின் பாதுகாப்பு விதிகள் பெற்றோருக்கும் பொருந்தும். ஒரு பெரியவர் மட்டும் தனியே இருக்கும்படி ஏற்பாடு செய்யாதீர்கள். பரிசுச் சீட்டு பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. உங்கள் இடத்துச் சட்டத்தைக் கேட்டறியாமல் மறுபடி நடத்த வேண்டாம்.

இப்போது அந்த உறை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

வசூல் உறையைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புவதை இந்த வாரமே நிறுத்துங்கள். பொதுக்குழு வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சிறுவன் தன் வீட்டின் நிலையை வகுப்பறையில் மறைத்துத் திரிகிறான். நூலக அலமாரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கான விலை இதுவாக இருக்கக் கூடாது. பணம் பெற்றோருக்கும் சங்கத்துக்கும் இடையிலான விஷயம். பிள்ளையும் வகுப்பாசிரியரும் அதற்குள் வரவே கூடாது. எந்தக் குடும்பம் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்பது ரசீது எழுதும் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. நன்கொடையாளர் பட்டியலைப் பலகையில் எழுதாதீர்கள். "அதிகம் திரட்டிய வகுப்புக்குப் பரிசு" என்ற வழக்கம் உங்களிடம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பரிசைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஹைஃபா ஆய்வைச் செய்த அதே இருவர், உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இன்னோர் ஆய்வும் செய்தார்கள். மாணவர்கள் நல்ல காரியங்களுக்காக வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டுபவர்கள். ஒரு பகுதியினரிடம் இந்த வேலையின் முக்கியத்துவத்தை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு, திரட்டியதில் 1 விழுக்காட்டுக்குச் சமமான தொகை ஊக்கமாகத் தரப்படும் என்றார்கள்; மூன்றாவது பகுதியினருக்கு 10 விழுக்காடு. அந்தப் பணம் நன்கொடையிலிருந்து எடுக்கப்படவில்லை, ஆய்வாளர்கள் தந்தது. ஊக்கத்தொகை எதுவும் இல்லாத மாணவர்களே சராசரியில் அதிகம் திரட்டினார்கள். 1 விழுக்காடு பெற்றவர்கள் எல்லோரையும்விடக் குறைவு. நல்லது செய்கிறோம் என்று நடந்த கால்கள், கூலிக்கு நடக்கிறோம் என்றதும் தளர்ந்துவிட்டன. பரிசுக் கோப்பையும் பிள்ளைகளின் மனத்தில் அந்த வேலையைத்தான் செய்கிறது. கூடவே, கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையால் வகுப்பு தோற்றது என்ற பழியும் சேர்கிறது.

"இது பெற்றோர் சங்கமா, பணம் கட்டுவோர் சங்கமா?" என்று அந்தத் தாய் கேட்டதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 1897 பிப்ரவரி 17 அன்று ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹர்ஸ்ட் என்னும் இரு பெண்கள் அன்னையர் மாநாடு ஒன்றைக் கூட்டினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அந்த நாட்டின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அவர்கள் கூடியது பணம் திரட்டுவதற்காக அல்ல. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான சட்டம், மழலையர் வகுப்புகள், பள்ளியில் பிள்ளைகளின் உடல்நலம் ஆகியவற்றுக்காக அவர்கள் குரல் கொடுத்தார்கள். நிறவெறியால் பள்ளிகள் பிரிக்கப்பட்டிருந்த மாநிலங்களில் கறுப்பினப் பெற்றோருக்கென்று செலீனா ஸ்லோன் பட்லர் 1926-இல் தனி அமைப்பையே தொடங்க வேண்டியிருந்தது. 1970-இல்தான் இரண்டும் ஒன்றாயின. இரண்டு அமைப்புகளும் தொடங்கியது பிள்ளைகளுக்காகப் பேசத்தான். விற்பனை மேசைகள் பிறகு வந்தவை. உங்கள் 11 நிகழ்ச்சிகளில் பெற்றோர் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசியது எத்தனை? ஒன்றுகூட இல்லை என்றால், அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. அதை அறிக்கையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு என் யோசனை: பதினொன்றை நான்காக்குங்கள். முதலில் என்ன தேவை என்று பள்ளியோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். பணத்தைப் பிறகு கேளுங்கள். பல சங்கங்கள் முதலில் திரட்டிவிட்டுப் பிறகு எதற்குச் செலவிடுவது என்று தேடுகின்றன. தேவை தெரிந்ததும், ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு கடிதம் பெற்றோருக்கு நேரே போகட்டும். இந்த ஆண்டு இவை தேவை, மொத்தம் இவ்வளவு, முடிந்தவர்கள் முடிந்ததை இந்தக் கணக்கில் செலுத்துங்கள், முடியாதவர்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஆண்டில் மறுபடி கேட்க மாட்டோம். கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அதை மீறாதீர்கள். டிக்கெட்டும் கடையும் மேடையும் இல்லாமல் வரும் தொகை, செலவு போக நின்ற உங்கள் பழைய தொகைக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால் தேவைப் பட்டியலைச் சுருக்குங்கள், வேண்டுகோளைப் பெருக்காதீர்கள்.

நான்கு நிகழ்ச்சிகளில் ஒன்று நிதிக்காக இருக்கட்டும், உங்கள் புத்தகச் சந்தையே போதும். ஒன்று சீருடையும் பாடநூலும் கைமாற்றிக்கொள்ளும் நாள். காசு கிடையாது, கணக்கு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பவரும் எடுப்பவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும்படி அதை அமையுங்கள். ஒன்று கலை மாலை, டிக்கெட் இல்லாமல். நான்காவது, பெற்றோர் பேசும் கூட்டம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதிலிருந்து கணக்குப் பாடம் புரியவில்லை என்பதுவரை எதையும் பேசலாம். அதற்கு நீங்கள் ஒரு வசூல் பெட்டிகூட வைக்க வேண்டியதில்லை.

விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொதுக்குழுவுக்கு முன் விலகாதீர்கள்; குறைவுத் தொகை தீராத நிலையில் நீங்கள் போனால் அந்தப் பழி உங்கள் பின்னாலேயே வரும், பொருளாளரும் தனித்துவிடுவார். அறிக்கையை வைத்துவிட்ட பிறகு, போக வேண்டும் என்று தோன்றினால் மன உறுத்தல் இல்லாமல் போங்கள். ஓராண்டு உழைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு குறிப்பேட்டை விட்டுச் செல்லுங்கள்: எந்த நிகழ்ச்சிக்கு யாரிடம் பேச வேண்டும், எங்கே அனுமதி வாங்க வேண்டும், எது எவ்வளவு ஆனது, எதில் தவறினோம். புதிதாக வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் பல சங்கங்களில் இரண்டாவது செயலாளரே கிடைப்பதில்லை.

அறிக்கையின் வரைவு தயாரானதும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். முதலில் அந்தத் தாயிடம் எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு வசதியான நேரத்தில், அவர் சொல்லும் இடத்தில். படித்துவிட்டு எந்த வரி பொய்யாகத் தெரிகிறது என்று கேளுங்கள். அவர் சுட்டிக்காட்டும் வரியை அவர் முன்னாலேயே திருத்துங்கள்.